காணாமல் போன பழைய தமிழ் வலைப்பதிவை மீட்பது எப்படி?

"அப்பா 2004 வாக்கில் பிளாக் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது திறந்தால் பக்கம் இல்லை என்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?" இந்த மாதிரிக் கேள்வியோடு யாராவது என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் முடியும். முழுவதும் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஒன்றுமே கிடைக்காமல் போவது அபூர்வம்.

2003இலிருந்து ஒரு ஐந்தாறு வருடம் தமிழர்கள் வலைப்பதிவுகளில் எழுதிக் குவித்ததில் பத்திரிகைகளில் பார்க்க முடியாத ஒரு தமிழ் இருக்கிறது. யாரும் வெட்டவில்லை, யாரும் திருத்தவில்லை. வளைகுடாவில் அறைநண்பர்கள் தூங்கிய பிறகு எழுதியவர்களும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டியவர்களும் தங்கள் ஊர்ப்பேச்சிலேயே எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு அச்சுப் பிரதி கிடையாது. அதனால்தான் இந்த வேலையை நான் சலிக்காமல் செய்கிறேன். நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் முகவரி. அடுத்து, மூலப் பக்கத்தை உள்ளது உள்ளபடி சேமிப்பது. எழுத்தைப் படிக்கும்படி மாற்றுவது அதற்குப் பிறகுதான். புதிதாக வருபவர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும் எழுத்தைப் பார்த்துப் பதறி, அதைச் சரிசெய்வதில் இறங்கிவிடுகிறார்கள். நானும் அப்படி இறங்கி ஒருவருடைய ஒரு வருடத்து எழுத்தைப் பாழாக்கியிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முகவரியைக் கண்டுபிடிப்பது

இணையப் பக்கங்களின் பழைய நகல்களை வைத்திருக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷின்தான் நமக்கு முக்கியக் கருவி. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய சேகரிப்பு, 2001இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் பக்கத்துக்குள் இருக்கும் ஒரு தமிழ் வரியைப் போட்டு அங்கே தேட முடியாது. பழைய முகவரி தெரிந்திருக்க வேண்டும்.

எழுதியவருடைய பழைய மின்னஞ்சல்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கையெழுத்துப் பகுதியில் வலைப்பதிவு முகவரியைப் போடுவது வழக்கம். அங்கே இல்லையென்றால், அவரோடு எழுதிய நண்பர்களின் பதிவுகளுக்குப் போங்கள். ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் "நான் படிக்கும் பதிவுகள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால் திரட்டிகள். 2004இல் தொடங்கிய தமிழ்மணமும் அதன்பின் வந்த தேன்கூடும் புதுப் பதிவுகளின் தலைப்பை, எழுதியவர் பெயரோடும் இணைப்போடும் முகப்பில் காட்டின. திரட்டியின் முகவரியை வேபேக்கில் போட்டு, அந்த மாதத்து நகலைத் திறந்தால் நீங்கள் தேடும் பெயர் கண்ணில் படும். பெரும்பாலும் எனக்குக் கைகொடுப்பது இந்த வழிதான்.

முகவரி கிடைத்ததும் அதன் வாலைக் கவனியுங்கள். பிளாக்ஸ்பாட் பதிவு என்றால் கூகுள் 2012இல் வாசகர்களை நாட்டுக்கு நாடு வேறு முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. நீங்கள் குறித்து வைத்திருப்பது டாட் இன் என்று முடியலாம். அதை டாட் காம் என்று மாற்றிப் போடுங்கள், அதற்குமுன் எடுத்த நகல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸில் இருந்த பக்கம் என்றால், யாஹூ அதை 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்தவரை வாரியெடுத்து, அடுத்த வருடம் டொரன்ட்டாக வெளியிட்டது. அதனால் அங்கேயும் நம்பிக்கை உண்டு.

பதிவு உங்களுடையது என்றால்

உங்களுக்கு வேலை சுலபம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. பிளாக்ஸ்பாட் பதிவு என்றால், கூகுளின் பிளாகர் கணக்கில் நுழைந்து, அமைப்புகள் பகுதியில் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும். வேர்ட்பிரஸ்ஸில் கருவிகள் பட்டியலில் ஏற்றுமதி என்று இருக்கும். இந்தக் கோப்புகளில் படங்கள் இருக்காது, படங்களின் முகவரி மட்டும்தான் இருக்கும். எனவே படங்களைத் தனியாக இறக்க வேண்டும்.

கடவுச்சொல் மறந்துவிட்டது, ஆனால் பதிவு இன்னும் திறக்கிறது என்றால் செய்தியோடையை, அதாவது பதிவுகளை மட்டும் வரிசையாகத் தரும் கோப்பைப் பயன்படுத்துங்கள். பிளாகர் முகவரிக்குப் பின்னால் ஆங்கிலத்தில் "ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட்" என்ற மூன்று சொற்களைச் சாய்கோடு போட்டுச் சேர்த்தால் பதிவுகள் வரும். நடுச்சொல்லை "காமென்ட்ஸ்" என்று மாற்றினால் பின்னூட்டங்கள் வரும். எழுதியவர் முழு ஓடையைத் திறந்து வைத்திருந்தால் பதிவு முழுவதும் கிடைக்கும், இல்லாவிட்டால் முதல் சில வரிகள்தான்.

வேபேக்கில் இறங்கும்போது

முகவரியைப் போட்டால் ஒரு நாட்காட்டி வரும். நகல் எடுத்த நாட்களில் வட்டம் போட்டிருக்கும். கடைசி வட்டத்தைத் திறக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது தவறு. கைவிடப்பட்ட முகவரியை வேறு யாராவது பிடித்து விளம்பரக் கடை போட்டிருப்பார்கள், கடைசி நகலில் அந்தக் கடைதான் இருக்கும். அவர் எழுதுவதை நிறுத்திய சில மாதங்களுக்குள் எடுத்த நகல்தான் உங்களுக்கு வேண்டும்.

முகவரியின் முடிவில் சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் சேர்த்துத் தேடினால், அந்தத் தளத்தின்கீழ் வேபேக்கிடம் இருக்கும் எல்லாப் பக்கங்களும் பட்டியலாக வரும். இந்தப் பட்டியலை முதலில் ஒரு விரிதாளில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பைப் பார்த்து பதிவை அடையாளம் காண முடியாது. பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் அது ஏறாது. "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப்பெயரும் ஒரு எண்ணும்தான் வரும். ஆண்டும் மாதமும் மட்டும் முகவரியில் தெரியும்.

தனிப் பதிவுகள் பல விட்டுப்போயிருந்தால் மாதத் தொகுப்புப் பக்கங்களைத் தேடுங்கள். பழைய பிளாகரில் அவற்றின் பெயர் ஆண்டு, அடிக்கோடு, மாதம், அடிக்கோடு, நாள் என்று தொடங்கி "ஆர்க்கைவ்" என்று முடியும். அந்த மாதத்தில் எழுதியது முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கும். தனிப் பதிவுக்கு ஒரு நகல்கூட இல்லாமல், தொகுப்புப் பக்கத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் பதிவுகள் நிறைய.

இனிச் சேமிப்பது. வேபேக் முகவரியின் நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி. அந்த எண்ணை ஒட்டினாற்போல், இடைவெளி விடாமல், ஐ, டி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேருங்கள். இப்போது வேபேக் தன் பட்டையையும் தான் மாற்றிய இணைப்புகளையும் நீக்கிவிட்டு, அன்றைக்கு எடுத்த மூலக் கோப்பை அப்படியே தரும். அதைச் சேமியுங்கள். உலாவியில் தெரிவதை நகலெடுத்து வேர்டில் ஒட்டுவது சேமிப்பு ஆகாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

எழுத்து ஏன் இப்படித் தெரிகிறது?

புதியவர்கள் மிரள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இன்று எல்லோரும் பயன்படுத்தும் பொதுத் திட்டமான யூனிகோடில் எழுதிய தமிழை விண்டோஸ் 98க்குக் காட்டத் தெரியாது. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துரு வந்தது. எக்ஸ்பியிலும் குறுவட்டைப் போட்டுக் கூடுதல் மொழி ஆதரவை நிறுவினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதற்கு முன்னால் ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்துச் சமாளித்தோம். எந்த எழுத்து எந்த எண்ணில் என்பதில் பல திட்டங்கள், அதாவது பல குறியேற்றங்கள். இணையத்தில் கூடிப் பேசிய தமிழர்கள் உருவாக்கிய டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் வந்த டாம், டாப், இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினி. இதுபோக ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்த எழுத்துரு. வாசகரிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தோடு தானாக இறங்கும் இயங்கு எழுத்துருக்களும் இருந்தன. யூனிகோடுக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தவர் அதிராம்பட்டினம் உமர் தம்பி. அவருடைய தேனீ எழுத்துருவைப் பல பதிவர்கள் பயன்படுத்தினார்கள். பழைய பக்கங்களின் மூலக் குறியில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றி பெருகும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் ® குறி தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ® வந்தால், கோப்பு யூனிகோடில் நலமாக இருக்கிறது, உலாவிதான் தவறாகப் படிக்கிறது. யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8 என்று திறந்தால் தமிழ் வந்துவிடும். ® இல்லாமல் ¾, ¢, ¡, § ஆகியவை விரவிக் கிடந்தால் டிஸ்கி. டிஸ்கியில் 'த' 190ஆவது இடத்தில் இருக்கிறது. ஐரோப்பியக் குறியேற்றத்தில் அந்த இடம் முக்கால் குறிக்குச் சொந்தம். எனவே 'தமிழ்' என்ற சொல்லே ¾ என்றுதான் தொடங்கும். ® பார்ப்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: தவறாகப் படிக்கப்பட்ட யூனிகோடிலும் ¾ வரும், துணைக்கால் இருக்கும் இடமெல்லாம்.

சாதாரண ஆங்கில எழுத்துகளாக, சொல்லுக்குள்ளே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பாமினி. அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் வருந்த வேண்டியதுதான். இடையில் ஏதோ ஒரு மென்பொருள் எழுத்துகளை அழித்துவிட்டது, அந்த நகலில் மீட்க ஒன்றும் இல்லை. வேறு தேதி நகலைத் தேடுங்கள்.

வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றம் "எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்" என்று எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் இன்றைய உலாவி ஒவ்வொரு எழுத்தையும் யாரும் பயன்படுத்தாத தனியார் இடத்துக்குத் தள்ளிவிடும். உலாவியிலிருந்து நகலெடுத்தால் அந்தக் கட்டங்கள்தான் ஒட்டும், பழைய எழுத்தை யூனிகோடாக்கும் எந்த மாற்றி மென்பொருளும் அதைப் புரிந்துகொள்ளாது. மூலக் கோப்பைச் சேமித்திருந்தால் நோட்பேட்++ போன்ற திருத்தியில் மேற்கு ஐரோப்பிய விண்டோஸ்-1252 என்ற குறியேற்றத்தில் திறங்கள். ¾, ¢ போன்ற குறிகள் தெரியும். அதை நகலெடுத்து மாற்றியில் போடுங்கள்.

மாற்றிகளில் சுரதா யாழ்வாணனின் 'பொங்கு தமிழ்' அந்த நாளிலிருந்தே பலருக்குத் துணை. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் பல குறியேற்றங்களைக் கையாளும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓபன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. லினக்ஸ் வைத்திருந்தால் வேறெதுவும் வேண்டாம், ஐகான்வ் கட்டளைக்கே டிஸ்கி தெரியும். டிஸ்கியின் கீழ்ப்பாதி அப்படியே ஆங்கிலம் என்பதால் எச்டிஎம்எல் கோப்பை முழுதாக மாற்றினாலும் பக்க அமைப்பைச் சொல்லும் குறிகள் கெடாது. பாமினியில் அப்படிச் செய்யவே கூடாது. அங்கே ஆங்கில எழுத்துதான் தமிழ் எழுத்து, எனவே எச்டிஎம்எல் குறிகளும் சேர்ந்து தமிழாகிவிடும். உரைப்பகுதியை மட்டும் பிரித்து மாற்றுங்கள்.

இன்னொரு வகைச் சிக்கல்: மூலக் குறியில் எழுத்துகளுக்குப் பதிலாக எண்களாகவே இருக்கும், முன்னால் ஒரு & குறியும் # குறியும் போட்டு. எண் 2980 போல நான்கு இலக்கமாக இருந்தால் அது யூனிகோடு 'த', தொடவேண்டாம். 190 போல மூன்று இலக்கம் என்றால் டிஸ்கி. முதலில் எண்களை எழுத்தாக்கிவிட்டு, அப்புறம் மாற்றியில் போட வேண்டும்.

மாற்றி முடித்ததும் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டது, கண்ணுக்குத் தெரியும் வரிசையில். யூனிகோடில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். மாற்றி அரைகுறை என்றால் 'கொடு' என்பதில் கொம்பு தனியாகத் தொங்கும். இரண்டாவது, 'இ'. டிஸ்கியின் 1.6 பதிப்பில் 'இ' 173ஆவது இடத்தில் இருந்தது. அந்த எண்ணை உலாவிகள் வரியை உடைக்க உதவும் மறைகோடாக எடுத்துக்கொண்டு காட்டாமல் விட்டுவிடும். 1.7 பதிப்பில் அதை 254க்கு மாற்றினார்கள்.

என் தவறு இங்கேதான் நடந்தது. ஒரு நண்பருடைய பதிவின் ஒரு வருடத்துக் கோப்புகளை மாற்றினேன், மாற்றியதை அதே பெயரில் மூலத்தின் மேலேயே சேமித்தேன். 'இந்த', 'இரவு', 'இல்லை' எல்லாம் 'ந்த', 'ரவு', 'ல்லை' ஆகியிருப்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். மூலம் போய்விட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து 'இ' போட்டேன். எல்லா இடத்திலும் சரியாகப் போட்டேனா என்று இன்றும் எனக்கு நிச்சயம் இல்லை. மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் போட்டு, "படிக்க மட்டும்" என்று பூட்டிவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

பின்னூட்டங்களை விடாதீர்கள்

பதிவு பத்து வரி, அதன்கீழ் பேச்சு நூறு வரி என்பது அந்தக் காலத்தில் சாதாரணம். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு, நெல்லைக்காரர் ஒன்று சொல்ல, யாழ்ப்பாணத்துக்காரர் வேறொன்று சொல்ல, அங்கே ஒரு அகராதியே உருவாகியிருக்கும். மாதத் தொகுப்புப் பக்கத்தில் பின்னூட்டம் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். அதற்காகவே தனிப் பதிவின் பக்கத்தையும் தேட வேண்டும். பிளாகரில் பின்னூட்டம் தனிச் சாளரத்தில் திறந்திருந்தால் அதற்குத் தனி முகவரி. "0 மறுமொழிகள்" என்ற இணைப்பையும் அழுத்திப் பாருங்கள், நகல் எடுத்த பிறகு பேச்சு வந்திருக்கும். பின்னூட்டங்களை ஹாலோஸ்கேன் போன்ற வெளிச் சேவையில் வைத்திருந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் அந்தச் சேவையோடு போய்விட்டது.

ஒலி

பாட்காஸ்ட் என்ற சொல் 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி கார்டியனில் எழுதிய கட்டுரையில் வந்தது. ஆப்பிள் அதை ஐட்யூன்ஸுக்குள் கொண்டுவந்தது 2005 ஜூனில். அதன் அடியில் இருக்கும் நுட்பம் எளிமையானது: செய்தியோடையில் ஒவ்வொரு பதிவோடும் "என்க்ளோஷர்" என்று ஒரு வரி, அதில் ஒலிக்கோப்பின் முகவரி. ஆகவே பழைய நிகழ்ச்சியைத் தேடும்போது வலைப்பக்கத்தைவிட ஓடையின் நகல்தான் உதவும். ஓடையில் கடைசிச் சில நிகழ்ச்சிகள் மட்டுமே இருக்கும் என்பதால், வேறு வேறு தேதி நகல்களைத் திறந்து எல்லா முகவரிகளையும் சேருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வேபேக்கில் போட்டுப் பாருங்கள். எம்பி3 கோப்புகள் எல்லாவற்றையும் அது எடுத்து வைத்திருக்காது. அரைமணி நிகழ்ச்சி, 64 கிலோபிட் தரத்தில், ஏறக்குறைய 14 எம்பி. தொலைபேசி இணைப்பில் கேட்பதைவிட இறக்க அதிக நேரம் ஆகும். அதனால் இறக்கியவர்கள் குறுவட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முந்தைய ஒலி ரியல்ஆடியோவில் இருக்கும். "ராம்" என்று முடியும் கோப்பு கிடைத்தால் அது ஒலி அல்ல, ஒலி இருக்கும் இடத்தின் முகவரி. நோட்பேடில் திறந்தால் ஒரே வரி. அந்த வரி எச்டிடிபி என்று தொடங்கினால் வேபேக்கில் தேடலாம், ஆர்டிஎஸ்பி என்று தொடங்கினால் அது நேரடி ஓடை, நகல் இருக்க வாய்ப்பு குறைவு.

அனுமதியும் சேமிப்பும்

மீட்டது உங்களுடையது ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே அழித்தவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காகவோ திருமணத்துக்காகவோ பழைய பெயரைத் துறந்தவர்கள். உயிரோடு இருப்பவர் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வேண்டாம் என்றால் அவரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு உங்கள் பிரதியை நீக்குங்கள். சம்மதித்தால், மற்றவர்களும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரத் தயாரா என்றும் கேளுங்கள். அந்த உரிமத்தில் கிடைக்கும் வலைப்பதிவுகளை மின்னூலாக்கி ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் வெளியிட்டு வருகிறார்கள்.

மூன்று பிரதி வையுங்கள், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு உரைக்கோப்பு எழுதுவேன், யூடிஎஃப்-8இல். அதில் பழைய முகவரி, எந்தத் தேதி நகலிலிருந்து எடுத்தது, அந்த 14 இலக்க எண்ணோடு, மூலக் குறியேற்றம், எந்த மாற்றியால் மாற்றியது, கிடைக்காத மாதங்கள் எவை, யாரிடம் எப்போது அனுமதி கேட்டது. கிடைக்காத மாதங்களை எழுத மறக்காதீர்கள். போன வருடம் ஒருவர் தன் பழைய வன்தட்டில் ஒரு பதிவரின் 2005 மார்ச், ஏப்ரல் பக்கங்களைச் சேமித்து வைத்திருப்பதாகச் சொன்னார். என் உரைக்கோப்பைத் திறந்து பார்த்தேன், விட்டுப்போயிருந்தவை அந்த இரண்டு மாதங்கள்தான்.